பூஜையில் மாட்டிக்கொண்ட நாவல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு புத்தகக் கடை இருக்கிறது. பாதிக் கடையில் ஊதுபத்தியும் குத்துவிளக்கும், மீதிப் பாதியில் புத்தகம். அங்கே போய், "பெரியவங்க படிக்கிற மாதிரி மாயக் கதை இருக்கா அண்ணே? சிரிப்பாவும் இருக்கணும்" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது தாண்டிய பொம்பளை, கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் கறிவேப்பிலை எட்டிப் பார்க்கும் பை. "சின்னப் பிள்ளைங்க புக்கெல்லாம் அந்தப் பக்கம் ஆன்டி" என்றார். சின்னப் பிள்ளைக்கு இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மாந்திரீகம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். எதிரியை வசியம் செய்வது எப்படி என்று அதில் ஒரு அத்தியாயம் இருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு, அங்கேயே படித்து அவர்மேலேயே பரீட்சை பார்த்திருப்பேன்.

எனக்கு வேண்டியது வேறு. கதையில் பூதம் வரலாம், ஆனால் அதற்கு மூட்டுவலி இருக்க வேண்டும். சூனியக்காரி வரலாம், அவளுக்கும் ஒரு மாமியார் இருக்க வேண்டும். உலகத்தை அழிவிலிருந்து காப்பாற்றுகிற வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்; காலையில் எழுந்து அலுத்துக்கொண்டே வேலைக்குப் போகிற மாயாவி எனக்குப் போதும். எழுதியவர் ஒரு தடவையாவது அரசாங்க கவுன்டரில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். இந்தக் கதைகளைப் படித்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வராது. வேலை, கல்யாணம், சொந்தக்காரர்கள் என்று நாலு இடத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் வரும். இதைக் கடைக்காரர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

இந்தப் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெயின்ட் கம்பெனியில், சாமான் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். எல்ஆர்டி ரயிலில் போகும்போதும் வரும்போதும் படிப்பேன். சில நேரம் சத்தமாகச் சிரித்துவிடுவேன், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். நெரிசல் நேரத்தில் அதுவும் ஒரு வசதிதான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் இந்தப் புத்தகங்கள்தான் என்று உறவில் சில பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். நம்பட்டும்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கடைக்குப் போனது எனக்காக இல்லை, அக்காவுக்காக.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கிள்ளானில் இருக்கிறாள். ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, அதை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பல மாதமாகியிருந்தது. படுக்கை அறையிலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் நடுவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல வராது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவாள், பிறகு மீதியைச் சொல்வாள். ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக இருப்பார், செய்யாமல் நாளைத் தள்ளினால் ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரு தடவை தேதியும் வந்தது. அக்கா போகவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவன் வந்த பிறகு பார்க்கலாம் என்றாள். மகன் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். இது ஆடி மாதம், ஆடியில் யாராவது நெஞ்சைத் திறப்பார்களா என்றாள். தேதி போய்விட்டது, மகனும் திரும்பிப் போனான். அவளுக்குப் பயம், ஆனால் அதை வாயால் சொல்ல மாட்டாள். அத்தானுக்கு அவளை வற்புறுத்திப் பழக்கமில்லை. நான் வற்புறுத்தினால் அது சண்டையில்தான் முடியும். அடுத்த அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம், போன் வந்ததும் கிளம்பத் தயாராக இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதையும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழித்துவிடுவாள் என்று நானும் அத்தானும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒரு டின் மால்ட் பவுடர், ஒரு பை ஆரஞ்சு, கூடவே ஒரு பக்திப் புத்தகம். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பதிகம், கவசம், ஆயுள் நீடிக்கச் சொல்ல வேண்டிய மந்திரம் என்று அடுக்காகச் சேர்ந்துவிட்டது. அக்கா சாமி கும்பிடாதவள் இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை நான் கோமுட்டர் ரயில் பிடித்துப் போயிருந்தபோது, அந்த அடுக்கைக் காட்டி முகத்தைச் சுளித்தாள்.

"இதையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா... நான் இப்பவே மேல போயிட்ட மாதிரி இருக்குடி. வேற ஏதாச்சும் கொண்டா. சிரிப்பா இருக்கணும். ஆனா நிஜக் கதை வேணாம்."

"நிஜக் கதைக்கு என்னா?"

"அதுல எல்லாருக்கும் நெஞ்சு வலி வருது. போன வாரம் ஒரு குடும்ப நாவல்... அதுல மாமனாரு ஐசியூவுல. டிவியைப் போட்டா அங்கயும்... ஆஸ்பத்திரி கட்டில்."

"என் புத்தகத்தையெல்லாம் பேய்க்கதைன்னு கேலி பண்ணுவியே, இப்ப மட்டும் வேணுமா?"

"இப்பவும் பேய்க்கதைதான். பேய் பரவால்ல" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பது வருஷமாக என்னைக் கேலி செய்தவள் என் கட்சிக்கு வருகிறாள். என் அலமாரியிலிருந்து நல்லதாக இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டுமே திரும்பி வந்துவிட்டன. ஒன்றில் முதல் பக்கத்திலேயே தேசப்படம் போட்டிருந்தது. "மேப்பைப் பார்த்தாலே மூச்சு வாங்குது" என்றாள். இன்னொன்றில் ஒரு மந்திரவாதி கேக் சாப்பிடும் போட்டிக்குப் போகிறான். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்த புத்தகம் அது. "இனிப்பு அதிகமா தின்னா சுகர் வரும், இதுல என்னா சிரிப்பு?" என்று கேட்டாள். மற்றவர்களுக்குப் புத்தகம் தேடுவது செருப்பு வாங்குகிற மாதிரிதான். நம் காலை வைத்து அளவு பார்க்க முடியாது.

அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். முதலில் பிரிக்பீல்ட்ஸ் கடை, அந்த வசியக் கதையைச் சொல்லிவிட்டேன். தமிழில் இன்னும் நாலைந்து இடத்தில் தேடினேன். ராஜா ராணி காலத்து மாயக் கதைகள் இருந்தன, பிள்ளைகளுக்கான கதைகள் இருந்தன, பேய்க்கதைகள் நிறைய இருந்தன. நம் ஆட்கள் எழுதும் பேய்க்கு ஒரே வேலைதான், பழி வாங்குவது. சும்மா வந்து உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசி, டீ குடித்துவிட்டுப் போகிற பேய் என் கண்ணில் படவில்லை. எங்காவது இருக்கலாம். தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லி அனுப்பினால் புண்ணியம்.

அக்காவுக்கு ஆங்கிலமும் நன்றாக வரும், அதனால் பேரங்காடியில் உள்ள பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, ஒரு நீள அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வாள். வாள் இல்லாத அட்டையில் சட்டை இல்லாத ஆம்பிளை, முதுகில் சிறகு. எடுத்துப் பார்த்தால் ஒன்றாம் பாகம், இரண்டாம் பாகம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இதயத்தில் கோளாறு உள்ளவளுக்கு ஒன்பது பாகம் வாங்கிக் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. சிரிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சோதிடம் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலிச் சித்திரப் புத்தகங்கள் மேல் மாடியில் என்றாள்.

நான் புத்தகம் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் நின்றபடியே படிப்பேன். உதடு ஓரம் அசையாவிட்டால் திரும்ப வைத்துவிடுவேன். அட்டையின் பின்பக்கத்தில் 'சிரித்துச் சிரித்து' என்று எழுதியிருந்தால் திறக்கவே மாட்டேன். சிரிப்பு உள்ளே இருந்தால் வெளியே ஏன் கூவ வேண்டும்? இப்படியே சில வாரம் மதிய சாப்பாட்டு நேரமெல்லாம் கடைகளில் போனது. சோற்றைப் பொட்டலம் கட்டி வாங்கி, ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கடைசியில் கிடைத்தது, ஆபீசுக்குப் பக்கத்தில் பழைய வணிக வளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில். பழைய புத்தகக் கடை. சீன அங்கிள் ஒருவர் போனில் தொடர்நாடகம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அலமாரிகளில் சமையல், பயணம், அலுவலக நிர்வாகம் என்று அட்டை ஒட்டியிருக்கும், ஆனால் உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கும். நான் தேடிய மாதிரி ஒரு ஆங்கில நாவல் அலுவலக நிர்வாகத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட கிளார்க், எதிர் நாற்காலியில் ஒரு ஆறு உட்கார்ந்திருக்கிறது. தரையெல்லாம் ஈரம்.

கதை இதுதான். ஒரு மலையூர் வழியாக ஓடும் ஆற்றுக்கு, அதே பாலத்தின் கீழே, அதே ஜனங்களின் அழுக்கைச் சுமந்துகொண்டு ஓடி ஓடி அலுத்துப்போகிறது. வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் கேட்டு மனு கொடுக்கிறது. மனுவைக் கவனிக்கிற கிளார்க், ஆற்றின் மேலதிகாரி யார் என்று கண்டுபிடிக்கவே பாதிப் புத்தகம் அலைகிறார். மீன்கள் ஆட்சேபம் தெரிவிக்கின்றன. பாலம் தனக்கும் இடமாற்றம் வேண்டும் என்கிறது. முதல் பக்கத்திலேயே, மனுவோடு இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ இணைக்க வேண்டும் என்று கிளார்க் ஆற்றிடம் சொல்லும் இடம் வந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அங்கிள் தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆபீஸ் புக் அவ்வளவு சிரிப்பாவா இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இது மட்டும்தான் என்றேன்.

அக்காவுக்கு அது ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் அரசாங்க கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவள் இல்லையா, ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த ஆள் யாராவது வந்தார்கள். "எங்க ஆபீஸ்லயும் இந்த மாதிரி ஒரு பெரியவர் இருந்தாரு... ஆனா அவரு ஆறு இல்ல. தேங்கிப் போன குளம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பாள், மூச்சு வாங்குவாள், மார்பில் கையை வைத்துக்கொண்டு மறுபடி சிரிப்பாள். ஒரு நாளைக்குச் சில பக்கம்தான் முடியும். முடித்துவிடக் கூடாதே என்று அதையும் இழுத்து இழுத்துப் படித்தாள்.

அத்தான் ஒரு தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். விடியற்காலையில் கிள்ளானில் ஆட்களை ஏற்றி, தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார். தேவாரம் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னா புக்குமா அது? உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் கேக்குது. அந்த மாதிரி இன்னும் கிடைக்குமா?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன் அத்தான்."

"தேடு. எத்தனை வேணும்னாலும் வாங்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி தட்டு கழுவினேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா குறுக்கே வந்தார். தினமும் சாயங்காலம் ஏதாவது கஞ்சி கொண்டுவருகிற நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. அட்டையில் ஆறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பேரப் பிள்ளைக்கா வாங்கினீங்க?" என்று கேட்டார். அக்காவுக்குப் பேரப் பிள்ளை கிடையாது. இரண்டு நாளில், பாவம் அவளுக்கு மனசு கொஞ்சம் ஒரு மாதிரியாகிவிட்டது, சின்னப் பிள்ளை புத்தகம் படித்துத் தானாகச் சிரிக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அதன் பிறகு யாராவது வந்தால் அக்கா புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையைத்தானே பார்க்கிறார்கள், அட்டையை மறைத்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடுகளில் பழைய காலண்டரைக் குப்பையில் போட மாட்டோம். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரில் பக்கத்துக்குப் பக்கம் சாமி படம் இருக்கும், அதை எப்படித் தூக்கிப் போடுவது? அத்தான் பத்து வருஷத்துக் காலண்டரை அலமாரி மேலே சுருட்டி வைத்திருந்தார். நல்ல கெட்டித் தாள். ஒரு தாளைக் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி மடித்துப் போட்டேன். வெள்ளைத் தாமரையில் சரஸ்வதி, கையில் வீணை. அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இப்போதுதான் நல்ல புத்தகம் படிக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனாராம். நானும் அக்காவும் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜை அன்று மதியம் அத்தான் எனக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்துவிட்டது, மறுநாள் காலை ஏழு மணிக்குள் கோலாலம்பூரில் இருக்க வேண்டும், அதற்கு அடுத்த நாள் ஆபரேஷன். அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்றார். அதுதான் மோசம். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அப்படியே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூஜை நடந்துகொண்டிருந்தது. வேன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு. சாமி அறையில் ஸ்பேனர்கள், வேன் பழுது பார்க்கும் சாமான்கள், புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து அத்தான் கற்பூரம் காட்டினார். நாங்கள் கும்பிட்டோம், கடலை சாப்பிட்டோம். மறுநாளைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா படுக்கையில் உட்கார்ந்து தலையணைக்கு அடியில் துழாவினாள்.

"என் புக்கு எங்க?"

"எந்த புக்கு?" என்றார் அத்தான்.

"சரஸ்வதி அட்டை போட்டது."

அத்தானின் முகம் மாறியது. நான் போய்ப் பார்த்தேன். அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே, நடு நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, ஆறு மாட்டிக்கொண்டிருந்தது.

"அம்மாவே அட்டையில உக்காந்திருக்கா. நான் பக்தி புக்குன்னுதான் நெனச்சேன்" என்றார் பரிதாபமாக.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர் பூஜை செய்து எடுக்கும்வரை தொடக் கூடாது, படிக்கவும் கூடாது. சின்ன வயதில் வீட்டுப்பாடத்திலிருந்து எங்களுக்குத் தப்பிக்கக் கிடைத்த நாள் அது, அதனால் அந்த விதியை நாங்கள் யாரும் எதிர்த்ததே இல்லை. பஞ்சாங்கப்படி காலையில் நல்ல நேரம் ஒன்பது மணிக்கு மேல். நாங்கள் விடியும் முன்பே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொள்வோம். போனில் அந்த நாவல் கிடைக்கிறதா என்று அவசரமாகத் தேடினேன். பழைய புத்தகம், எங்கும் இல்லை.

"இன்னும் ரெண்டு அத்தியாயம்தான்" என்றாள் அக்கா. கையிலிருந்த போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "கதை முடியட்டும். முடிச்சிட்டு... போறேன். ஆஸ்பத்திரியில வேற தேதி குடுப்பாங்க."

இந்தத் தடவை மகன் இல்லை, ஆடி மாதம் இல்லை, ஒரு ஆறு. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதைக் கோபமாகத்தான் வெளியே விடத் தெரிந்தது. "அத்தான், அந்தப் புத்தகத்தை எடுத்துக் குடுத்துடுங்க. இல்லனா நானே எடுப்பேன்" என்று கத்தினேன்.

அவர் என்னைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஆபரேஷன் வெச்சிருக்கிற நேரத்துல, சாமிகிட்ட வெச்சதைப் பாதியில எடுக்கச் சொல்றியா? நாளைக்கு அங்க ஏதாச்சும் ஒண்ணு..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் பயம் எனக்குத் தெரியும். அவருக்கும் அதே அளவு பயம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எடுத்தால் ஒரு பயம், எடுக்காவிட்டால் ஒரு பயம்.

அத்தான் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து முகம் கை கால் கழுவிக்கொண்டு வந்து, திருநீறு பூசி, சாமி அறையில் மறுபடி கற்பூரம் ஏற்றினார்.

"தாயே, காலையில செய்ய வேண்டியதை இப்பவே செய்றேன். உன் நேரத்துக்கும் ஆஸ்பத்திரி நேரத்துக்கும் ஒத்து வரல. கோவிச்சுக்காத. கோவம் வந்தா என் மேல காட்டு. அவ மேல வேணாம்."

இதை அவர் சத்தமாகவே சொன்னார். அக்காவின் அறைக் கதவு திறந்திருந்தது. புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் அவள் மடியில் வைத்தார்.

அவளுக்குப் படிக்கச் சக்தி இல்லை. நான் படித்தேன். அத்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும், அதனால் நடுநடுவே தமிழில் சொன்னேன். விசாரணை நாள். ஆறு கூண்டில் ஏறியதும் கோர்ட்டு நனைந்துவிடுகிறது, நீதிபதி காலைத் தூக்கி மேசை மேல் வைத்துக்கொள்கிறார். அத்தான் முதலில் சிரிக்கவில்லை. மீன்களின் வக்கீல் வாயைத் திறந்து திறந்து மூடுவதைச் சொன்னபோது, அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரிப்பதைப் பார்த்து அக்கா சிரித்தாள். தீர்ப்பைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு அந்த அத்தியாயம் முடிந்தது. நான் பக்கத்தைத் திருப்பினேன். அக்கா பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"போதும்டி."

"இன்னும் ஒண்ணுதான்."

"தெரியும். அதை வெச்சிரு" என்றாள். மூச்சு வாங்கினாள். "வந்து படிச்சிக்கிறேன்."

நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் மீதித் துணியைப் பையில் வைத்தேன்.

விடியும் முன்னே கிளம்பும்போது அத்தான் புத்தகத்தைத் திரும்பவும் சாமிக்கு முன்னால் வைத்தார். "இது இன்னும் முடியல. அவ வந்து எடுக்கட்டும்" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை. ஆபரேஷன் அன்று நாங்கள் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் வாங்கி வந்த ரொட்டி ஆறிப்போய்க் கிடந்தது. அத்தான் திடீரென்று கேட்டார்.

"அந்த ஆறு போயிருச்சா, இருக்கா?"

"தெரியல அத்தான். நானும் படிக்கல."

"படிச்சிடாத" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "அவ வர்ற வரைக்கும் படிச்சிடாத" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆனால் புத்தகம் சாமி அறையிலேயே இருந்தது. நெஞ்செலும்பு கூடும்வரை சிரித்தால் வலிக்கும், இருமினாலும் சிரித்தாலும் இதை அணைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த நிலையில் மீன்களின் வக்கீலை அவளிடம் விட எங்களுக்குத் தைரியம் இல்லை. தீபாவளிக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா, காய்ந்த சந்தனத்தோடு இருக்கும் புத்தகத்தைப் பார்த்து, என்ன பூஜை இது என்று கேட்டார். "சரஸ்வதி பூஜைதான். இன்னும் முடியல" என்றார் அத்தான். அந்த அம்மா மறுபடியும் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிரித்துப் பார்த்தேன், வலிக்கவில்லை என்று அக்காவே சொன்னாள். அத்தான் குளித்துவிட்டு வந்து கற்பூரம் காட்டிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, தானே சத்தமாகப் படித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அத்தான் தரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி வரி முடிந்து புத்தகத்தை மூடினாள்.

"ஆறு என்னா ஆச்சு?" என்றார் அவர்.

"இவ்ளோ நேரம் படிச்சேனே, கேக்கலையா நீங்க?"

"கதையைக் கேக்கல. நீ எந்த இடத்துலயும் நிறுத்தாம படிச்சியா, அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, கடைசி அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.